பட்டறையும் கிட்டங்கியும் ஒரே கொட்டகையில்: மரவேலைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புதிதாக மரப்பட்டறை போடுகிறவர்களில் பலர் கொட்டகை போடுகிறவரிடம் "அறுபதுக்கு முப்பது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். கொட்டகை எழும்பியதும் மெஷின்களை இறக்கி, கொள்கிற இடத்தில் வைக்கிறார்கள். மிச்ச இடத்தில் மரத்தை அடுக்குகிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு உத்திரத்தையும் நாலு முறை தூக்கி, இரண்டு முறை திருப்பி, நடுவில் கிடக்கும் கதவை நகர்த்தி வைத்துத்தான் வேலை நடக்கிறது.

வரிசையை மாற்ற வேண்டும். மரம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன்பின் மெஷின், அடுக்கு, அறைகள். சுவரும் கூரையும் கடைசி. இங்கே 60-க்கு 30 அடிக் கொட்டகையை வைத்தே சொல்கிறேன். உங்கள் அளவு வேறாக இருந்தாலும் முடிவெடுக்கும் வரிசை இதுதான்.

1. முதலில் பட்டியல்: என்ன வரும், என்ன போகும்

ஒரு நோட்டில் மூன்று பட்டியல் எழுதுங்கள்.

முதலாவது, உங்களிடம் வரும் மிகப் பெரிய சாமான்கள். செட்டிநாட்டில் பழைய வீட்டுச் சாமான் வாங்கிப் பழுது பார்ப்பவர் என்றால் தூண், உத்திரம், போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), நிலை, இரட்டைக் கதவு எல்லாம் வரும். ஒவ்வொன்றின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்கு மிக நீளமான மரம் 14 அடி என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் அளவு, மோட்டார் குதிரைத்திறன், மரம் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியே வரும் என்பது. புதியவர்கள் மெஷின் நிற்கும் இடத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். மூன்றடி அகல ரம்ப மேசை 14 அடி மரத்தை அறுக்கும்போது உண்மையில் கேட்கும் இடம் 28 அடி நீளம்: பிளேடுக்கு முன்னே 14, பின்னே 14.

மூன்றாவது, எடை. காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ. நூறு கன அடி அடுக்கினால் 1.8 டன். அடுக்கின் கால், தளம், பரண் எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதோடு காகிதங்கள். ஊராட்சி அல்லது நகராட்சிக் கட்டட அனுமதியை அஸ்திவாரத்துக்கு முன்பே வாங்குங்கள். உருட்டு மரம் அறுக்கும் எண்ணம் இருந்தால் வனத்துறை உரிமம் வேண்டும், அதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பழைய மரம் வாங்கிய ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

2. மனையில் காற்று, வெயில், மழை

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில்தான் விழும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருந்தால் நாள் முழுக்க வெளிச்சம் கிடைக்கும், சூடு குறையும். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் பத்து டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் சித்திரையிலிருந்து ஆவணி வரை உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்துதான் விழும். 'வடக்குப் பக்கம் வெயிலே வராது' என்று நம்பித் தாழ்வாரம் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் கூரை மூன்றடி வெளியே நீளட்டும்.

ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாரலோடு வரும். இந்த இரண்டும்தான் அறைகளின் வரிசையைத் தீர்மானிக்கின்றன. தூசி கிளப்பும் வேலை காற்று போகும் பக்கம், அதாவது கிழக்கே. பாலிஷ் வேலை காற்று வரும் பக்கம், மேற்கே. மாற்றி வைத்தால் ஆடி மாதம் முழுக்க ரம்பத்தூள் பாலிஷில் ஒட்டும்.

மழைக்காலத்தில் காற்று திரும்புமே என்று கேட்பீர்கள். திரும்பும்தான். ஆனால் அந்த மாதங்களில் ஈரப்பதத்தால் ஸ்பிரிட் பாலிஷ் வெளுத்துப் பால் பூத்தது போலாகும், எப்படியும் அந்த வேலை குறைந்துவிடும். அதனால் ஆடிக் காற்றுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

மனை குறைந்தது நூறுக்கு அறுபது அடி இருந்தால் நல்லது. கிழக்கே 30 அடி முற்றம், தெற்கே தூள் இழுப்பானுக்கான ஆறடிச் சாய்ப்பு போக வண்டி சுற்றிவர 12 அடி, மேற்கே வேம்போ புங்கனோ வைக்க 10 அடி. செம்மண் புழுதியை அந்த மரங்கள்தான் தடுக்கும்.

வாஸ்து பார்க்கும் வழக்கம் இருந்தால் மனையடி பார்ப்பவரிடம் வரைபடத்தைத் தாளில் இருக்கும்போதே காட்டிவிடுங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு வாசலை மாற்றச் சொன்னால் மரத்தின் பாதை முழுவதும் கெடும்.

3. மரத்தின் பாதையை வரையுங்கள்

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து, முதலில் ஒரே ஒரு கோடு போடுங்கள். கிழக்குக் குறுக்குச் சுவரின் நடுவில் பெரிய வாசல். அங்கிருந்து நேராக மேற்கே: கிட்டங்கி (மரத்தை இருப்பு வைக்கும் இடம்), ரம்பம், இழைப்பு, பொருத்துமிடம், பாலிஷ். முடிந்த சாமான் மேற்குக் கோடியில் தெற்குப் பக்கமாக வெளியேறும்.

இந்த வரைபடத்தின் உயிர் கிழக்கு வாசல்தான். வண்டி பின்பக்கமாக வந்து வாசலில் நிற்கும்போது மரம் கிழக்கு மேற்காகவே கிடக்கிறது. அப்படியே இழுத்தால் அடுக்கில் கிழக்கு மேற்காக உட்காரும். அங்கிருந்து எடுத்தால் அதே திசையில் ரம்பத்துக்குள் போகும். எங்குமே 14 அடி உத்திரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. வாசலைத் தெற்கு நீளச் சுவரில் வைத்தால் ஒவ்வொரு மரத்தையும் உள்ளே கால்வட்டம் திருப்ப வேண்டும். அதற்காகவே 14 அடிக்கும் மேல் காலி இடம் விட வேண்டிவரும், அந்த இடத்தில் இரண்டே வாரத்தில் யாராவது எதையாவது அடுக்கிவிடுவார்கள்.

கிழக்கு வாசலுக்கு உள்ள குறை வடகிழக்குச் சாரல். வாசலுக்கு மேல் 8 அடி நீளக் கூரை இறக்கி, வடக்குப் பக்கத்தை மட்டும் சுவர் வைத்து அடைத்தால் சமாளிக்கலாம். வாசல் அகலம் 12 அடி, உயரம் 12 அடி, ரோலிங் ஷட்டர்.

உங்கள் மனை கிழக்கு மேற்காக இல்லையென்றால் வெயில் கணக்கை விட்டுக்கொடுங்கள். மரம் திரும்பாத நேர்கோட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். வெயிலுக்குக் கூரையை இன்னும் இறக்கலாம், பாதை கோணினால் மருந்தில்லை.

4. தரையில் கோலமாவால் வரைந்து நடந்து பாருங்கள்

தாள் வரைபடத்தோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஏதாவதொரு பொட்டலில் முழு அளவில் கோலமாவு போட்டு வரையுங்கள். மெஷின் இருக்கும் இடங்களில் பழைய அட்டைப்பெட்டியை வையுங்கள். 14 அடி மூங்கிலை இரண்டு பேர் தோளில் வைத்து, வாசலிலிருந்து பாலிஷ் அறை வரை நடங்கள். மூங்கில் எங்கே இடிக்கிறது, எங்கே ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெரிய கதவு ஒன்றை ஒருவர் பிடிக்க மற்றவர் சுற்றிவருவது போல் செய்து பாருங்கள். தாளில் மூன்றடி வழி தாராளமாகத் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது நாலடி கூடப் போதாது. இந்த ஒரு மாலை வேலையில் பிடிபடும் தவறைக் கட்டிய பிறகு சரிசெய்ய முடியாது.

5. அறைகளின் அளவு

கிழக்கிலிருந்து மேற்காக 60 அடியை இப்படிப் பிரிக்கலாம்: கிட்டங்கி 22, மெஷினும் மேசையும் 26, பாலிஷும் முடிந்த சாமானும் 12.

ரம்பத்தின் பிளேடைக் கொட்டகையின் அகலத்துக்கு நடுவில், கிட்டங்கித் தடுப்பிலிருந்து 10 அடி உள்ளே வையுங்கள். முன்பக்கம் 14 அடி வேண்டுமே, நாலடி குறைகிறதே என்றால், தடுப்புச் சுவரில் வாசலுக்கு நேராக 10 அடி திறப்பு விடுங்கள். மரத்தின் வாலும் தள்ளுகிறவரும் கிட்டங்கியின் நடுவழியில் நிற்கட்டும். அந்த வழி எப்படியும் காலியாக இருக்க வேண்டிய இடம்தான். பிளேடுக்குப் பின்னே பாலிஷ் அறைச் சுவர் வரை 16 அடி இருக்கும். 14 அடி மரமும் அதை வாங்குகிறவரும் நிற்க அது போதும்.

மேற்கு பார்த்துத் தள்ளும்போது இடது கை தெற்கு. 8-க்கு 4 பிளைவுட்டைக் குறுக்கே அறுக்க பிளேடுக்குத் தெற்கே 8 அடி காலியாக வேண்டும். அதற்கும் தெற்கே, சுவரை ஒட்டி, இழைப்பு மெஷின் கிழக்கு மேற்காகவே நிற்கட்டும். வடக்குச் சுவரை ஒட்டி கைவேலை மேசை. உளி வேலைக்கு வடக்கு ஜன்னல் வெளிச்சம் நிழல் விழாமல் சீராக வரும். செதுக்கு வேலை செய்கிறவர்கள் இதற்காகவே உங்களிடம் நீடிப்பார்கள்.

பொருத்தும் மேசையை ரம்பத்துக்குப் பின்னால் போட்டு, ரம்ப மேசையைவிட அரை அங்குலம் தாழ்வாக வையுங்கள். அறுத்த பலகை அதன்மேலேயே வழுக்கிப் போகும், தனியாகத் தாங்கி வேண்டாம். அரை அங்குலம் உயர்ந்துவிட்டால் பலகை முட்டி, பிளேடு அதைத் தள்ளுகிறவர் பக்கமே திருப்பி உதைக்கும்.

6. கிட்டங்கி: மரம் மூச்சு விடவும் கரையான் தெரியவும்

இந்தப் பகுதிக்குத்தான் ஆட்கள் குறைவாக யோசிக்கிறார்கள். நஷ்டம் வருவதும் இங்கேதான்.

மரம் நேராகக் கிட்டங்கிக்குள் போகக் கூடாது. வாசலுக்கு வெளியே, முற்றத்தின் தெற்கு ஓரம் ஒரு சாய்ப்பு போடுங்கள். பழைய மரத்தில் ஆணி, சுண்ணாம்பு, சிமெண்டு எல்லாம் இருக்கும். அங்கேயே ஆணி பிடுங்கி, கையடக்க மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்த்து, துலக்கி, மரத்தின் முனையில் எண் எழுதுங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், இழைப்புக் கத்தி மூன்றையும் பல்லாக்கிவிட.

உளுத்த மரம் என்று சந்தேகம் இருந்தால் அந்தச் சாய்ப்பிலேயே ஒரு மாதம் கிடக்கட்டும். அடியில் கறுப்புத் தாள் விரித்தால், துளைகளிலிருந்து புது மாவு கொட்டுகிறதா என்று தெரியும். கொட்டினால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் அடித்து, மாவு நின்ற பிறகுதான் உள்ளே.

உள்ளே வடக்குச் சுவர்ப் பக்கம் நீள மரங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திய இரும்புத் தாங்கிகளில், இரண்டடிக்கு ஒரு தாங்கி. பலகைகளுக்கு இடையே முக்கால் அங்குலக் குச்சிகளைக் குறுக்கே வைத்து அடுக்குங்கள். மேல் குச்சி, கீழ்க் குச்சி, தாங்கி மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். விலகினால் பலகை வளையும்.

அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடி விடுங்கள். இடம் வீணாகிறது என்று சுவரை ஒட்டி அடுக்குகிறவர்கள் கரையானுக்கு மறைவு செய்து கொடுக்கிறார்கள். கரையான் மண்பாதை கட்டித்தான் ஏறும். தாங்கியின் காலும் சுவரும் கண்ணில் பட்டால் முதல் வாரத்திலேயே பிடித்துவிடலாம்.

தெற்குப் பக்கம் கதவும் நிலையும். கதவுகளை நிமிர்த்தி, லேசாகச் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பில் வையுங்கள். பழைய குடுமிக் கதவை (கீல் இல்லாமல் மேலும் கீழும் நீட்டிய முனைகளில் சுழலும் கதவு) அப்படியே நிறுத்தினால் முழு எடையும் கீழ்க்குடுமியில் விழுந்து ஒடியும். அடியில் இரண்டு கட்டை கொடுத்து, குடுமி அந்தரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். இரட்டைக் கதவின் இரண்டு இலைகளும் அதன் நிலையும் ஒரே எண்ணோடு ஒரே தடுப்பில் இருக்கட்டும். பிரிந்துபோன ஜோடி பாதி விலைக்குக் கூடப் போகாது.

பரண் போட்டால் கைப்பிடி, குமிழ், மாதிரிப் பலகை மாதிரி லேசானவற்றுக்கு மட்டும்.

7. பாலிஷ் அறை: தூசியும் நெருப்பும்

மேற்குக் கோடி 12 அடியில் வடக்குப் பாதி பாலிஷ், தெற்குப் பாதி முடிந்த சாமான். மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம், அந்தப் பக்கம்தான் புழுதியும் மாலை வெயிலும். காற்று தெற்கு அறை வழியாக வடிகட்டித் துணி தாண்டி உள்ளே வந்து, வடக்குச் சுவரில் உள்ள எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறட்டும்.

எக்ஸாஸ்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கூரை உயரத்தில் ஃபேன் வைத்தால் நல்ல காற்றுதான் வெளியே போகும், ஆவி காலடியில் நிற்கும். அந்த ஃபேனும் அறையில் உள்ள விளக்கும் தீப்பொறி வராத வகையாக இருக்க வேண்டும். சுவிட்சை அறைக்கு வெளியே வையுங்கள்.

தின்னர், ஸ்பிரிட் டின்களை இருப்பு வைக்கக் கொட்டகையை விட்டு விலகி ஒரு சின்னச் செங்கல் அறை. அன்றைக்கு வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கென்று தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு டின் கதவோரம் இருக்கட்டும். ஒவ்வொரு வாசலிலும் தீயணைப்பு உருளை. பாலிஷ் அறைக்கு ஒன்றுக்கு இரண்டு வெளியேறும் வழி.

8. தூள் இழுப்பான், மின்சாரம்

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் தூள் இழுப்பானை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் சேர்க்காதீர்கள். தெற்குச் சுவருக்கு வெளியே ஆறடிச் சாய்ப்பில் இழுப்பானும் கம்ப்ரஸரும். இழைப்பு மெஷின் பக்கத்திலேயே இருப்பதால் குழாய் குட்டையாக முடியும். வளைவு குறையக் குறைய இழுவை கூடும். சத்தமும் வெளியே போய்விடும்.

மும்முனை இணைப்புக்கு மெஷின்களின் குதிரைத்திறனைக் கூட்டிச் சீக்கிரமே விண்ணப்பியுங்கள். ரம்பம் நடுத்தளத்தில் நிற்பதால் அதற்கான கேபிள் குழாயைக் கான்கிரீட் போடும் முன்பே பதிக்க வேண்டும். விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுங்கள். எல்லாம் ஒரே ஃபேஸில் இருந்தால் சில விளக்குகளின் துடிப்பில் சுற்றும் பிளேடு நிற்பது போலத் தோன்றும், கை வைத்துவிடுவார்கள்.

9. தளம், சுவர், கூரை

பாதை, மெஷின், அடுக்கு எல்லாம் முடிவான பிறகு இதற்கு வாருங்கள்.

தளத்தை முற்றத்தைவிட இரண்டடி உயர்த்துங்கள். மழைநீர் ஏறாது, வண்டித் தட்டுக்கும் தளத்துக்கும் வித்தியாசம் குறையும். தள்ளுவண்டிக்கான சரிவு எட்டுக்கு ஒன்று, அதாவது இரண்டடி உயரத்துக்கு 16 அடி நீளம். இதை முற்றத்தில் முதலிலேயே ஒதுக்காவிட்டால் பிறகு செங்குத்தாகத்தான் போட வேண்டிவரும்.

மண் நிரப்பும் முன் மனையில் உள்ள கருவேல வேர், அடிக்கட்டை எல்லாவற்றையும் தோண்டி எடுங்கள். புதைந்த கட்டையிலிருந்துதான் கரையான் மேலே வரும். மண்ணைக் கெட்டித்து, கரையான் மருந்து அடித்து, அதன்மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட். மருந்து அடித்த மண்ணை மறுபடி கிளறக் கூடாது, கிளறினால் தடுப்பு அறுந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசை வரும். அதை முடிந்த சாமான் அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் எடையும் விழும் உளியும் அதற்கு ஆகாது.

சுவர் ஏழடி வரை செம்புராங்கல்லோ செங்கல்லோ, அதன்மேல் நீளப் பக்கங்களில் காற்றுப் போகக் கம்பி வலை. ஓரத்தில் கூரை உயரம் 14 அடி. வெளிச்சத்துக்கு வடக்குச் சரிவில் பால்நிற ஷீட். கண்ணாடி போன்றதைப் போட்டால் வைகாசி, ஆனி உச்சி வெயில் நேராக மேசையில் விழுந்து பலகையை வெடிக்கவைக்கும். கிட்டங்கிக்கு மேல் வெளிச்ச ஷீட் வேண்டவே வேண்டாம்.

10. வேலையின் மாத வரிசை

தையில் மனைவேலை தொடங்கினால் மாசி, பங்குனியில் அஸ்திவாரமும் தூணும், சித்திரையில் கூரை. ஆடிக் காற்று வரும்முன் ஷீட்டுகள் முழுக்க முடுக்கப்பட்டு, குறுக்குச் சுவர்கள் மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கொட்டகைக்குள் காற்று புகுந்தால் ஷீட்டை அடியிலிருந்து தூக்கும்.

தளம் போட்டு நான்கு வாரம் நன்றாக ஆறிய பிறகு மெஷின்களை இறக்குங்கள். முதலில் ரம்பம், அதற்கு நேர்கோடு பிடித்து இழைப்பு மெஷின், பிறகு தூள் குழாய். மேசைகளைப் போல்ட் போடாமல் ஒரு மாதம் வேலை பாருங்கள். எங்கே நகர்த்த வேண்டும் என்று பட்டறை ஆட்களே சொல்வார்கள், அதன்பின் முடுக்கலாம். மரத்தை மட்டும் கடைசியாக ஏற்றுங்கள். புதுக் கான்கிரீட்டின் ஈரம் போகும் முன் கிட்டங்கியை நிரப்பினால் அடி அடுக்கில் பூஞ்சை பிடிக்கும்.